வீட்டில் அலுவலகம்: சன்னலோரம் யாருடையது?

சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி இருக்கும். நான் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாள். அடுத்த காணொளிச் சந்திப்புக்கு அரை மணி நேரம் இருந்ததால், முட்டை வாங்கி வரலாம் என்று கீழே இறங்கினேன். புளோக்கின் கீழ்த்தளத்தில் கல் மேசை அருகே என் மாமனார் உட்கார்ந்திருந்தார். கையில் தமிழ் நாளிதழ். மேசையில் பையில் கட்டி வாங்கிய கோப்பி.

“என்ன மாமா, இங்க உட்கார்ந்திருக்கீங்க?”

“மேல காத்தே இல்லம்மா. இங்க நல்லா வருது.”

எங்கள் வீடு பதினோராவது மாடி. சன்னலைத் திறந்தால் நாளிதழ் பறக்கும்.

மேலே வந்து அத்தையிடம் கேட்டேன். முதலில் சொல்லத் தயங்கினார். பிறகு, “நீ வீட்டுல இருக்குற ரெண்டு நாளும் காலையில அவர் கீழதான் இருப்பாரு. ரேடியோகூடப் போடுறதில்ல. உனக்குத் தொந்தரவா இருக்குமாம்” என்றார்.

நான் வானொலிப் படைப்பாளர். வாரத்தில் மூன்று நாள் நிலையத்தில் ஒலிவாங்கி முன்னால். மற்ற இரண்டு நாள் வீட்டில் நிகழ்ச்சிக்கு எழுதுவது, தொலைபேசியில் பேட்டி எடுப்பது, ஒலிப்பதிவைத் தொகுப்பது. “வானொலியை அணைத்துவிடாதீர்கள்” என்று நேயர்களிடம் சொல்லியே பிழைப்பவள் நான். என் வேலைக்காக என் வீட்டிலேயே வானொலி நின்றுபோயிருந்தது. ஆறு மாதமாக அது எனக்குத் தெரியவே இல்லை.

காரணம் அந்தச் சன்னலோரம். எங்களுடையது நான்கறை வீவக வீடு. கிட்டத்தட்ட 90 சதுர மீட்டர். மூன்று படுக்கையறை. ஒன்றில் மாமாவும் அத்தையும், ஒன்றில் தொடக்கநிலை 2 படிக்கும் மகள், ஒன்றில் நானும் கணவரும். காலியாக ஓர் அறை கிடையாது. அதனால் வரவேற்பறையில் சன்னல் பக்கம் 120 சென்டிமீட்டர் மேசையைப் போட்டேன். நல்ல வெளிச்சம், நல்ல காற்று, திரையில் பார்க்கவும் அழகு. அங்கே முன்பு ஒரு பிரம்பு நாற்காலி இருந்தது. அதைச் சுவரோரம் தள்ளிவைத்தேன். அந்த நாற்காலியில் தினமும் ஒன்பது மணியிலிருந்து பதினொரு மணிவரை ஒருவர் உட்கார்ந்து வானொலி கேட்பார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் யோசிக்கவில்லை. இடத்தின் நீளத்தையும் அகலத்தையும் மட்டுமே அளந்தேன்.

தற்காலிகம் நிரந்தரமான கதை

2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை, கிருமிப்பரவலை முறியடிக்கும் அதிரடித் திட்டம் நடப்பில் இருந்த நாள்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். சாப்பாட்டு மேசையே பள்ளிக்கூடம், அதுவே அலுவலகம். நான் துணி அலமாரியைத் திறந்துவைத்து, போர்வையைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு குரல் பதிவு செய்தேன். எல்லாரும் பொறுத்துக்கொண்டார்கள். ‘கொஞ்ச நாள்தானே!’ என்ற எண்ணம்.

இப்போது நிலைமை வேறு. வாரத்தில் ஓரிரு நாள் வீட்டிலிருந்து வேலை செய்வது பலருக்கு வழக்கமாகிவிட்டது. நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கேட்டு விண்ணப்பிப்பது தொடர்பான முத்தரப்பு வழிகாட்டுதல்கள் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன. தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர் முறைப்படி விண்ணப்பித்தால், முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்துபூர்வமாகப் பதில் தரவேண்டும். மறுத்தால் காரணமும் சொல்லவேண்டும். கேட்டால் கிடைத்தே தீரும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது.

ஆக, வீட்டு அலுவலகம் பல குடும்பங்களில் நிலையாகத் தங்கப்போகிற ஒன்று. அதை அமைக்கும்போது நான் செய்த தவற்றை நீங்கள் செய்யவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மேசைக்கு முன் ஒரு தாள்

அன்று இரவு ஒரு தாளை எடுத்து, காலை ஏழிலிருந்து இரவு ஏழுவரை மணிவாரியாகக் கோடு போட்டோம். வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் எந்த நேரம் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்று எழுதினோம். மாமா ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை சன்னலோரம். அத்தை பத்து மணிக்குமேல் சமையலறை, மிக்சி ஓடும். மகள் பள்ளி முடிந்து இரண்டு மணிக்கு வருவாள், அவளுக்கு வரவேற்பறை வேண்டும். எங்கள் படுக்கையறையோ காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறுவரை காலி!

வீட்டிலேயே யாரும் இல்லாத இடத்தை விட்டுவிட்டு, எல்லாரும் புழங்கும் இடத்தில் போய் நான் உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாளே அந்த மேசையை விற்றுவிட்டு, ஒரு மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் உள்ள சிறிய மேசை ஒன்றை வாங்கி, படுக்கையறையில் அலமாரிக்கும் சன்னலுக்கும் நடுவே போட்டோம்.

உங்கள் வீட்டுத் தாள் வேறு மாதிரி இருக்கும். மூவறை வீட்டில் ஆறு பேர் இருந்தால் எந்த இடமும் காலியாக இருக்காது. அப்போது இடத்துக்குப் பதில் நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு மேசையை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை உங்களுக்கு என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்யலாம். வேலைச் சாமான்களை ஒரு கூடையில் போட்டுவைத்தால் பன்னிரண்டு மணிக்கு மேசை மறுபடியும் சாப்பாட்டு மேசையாகிவிடும். பேச்சில்லாத எழுத்து வேலைக்கு நூலகம் இருக்கிறது. தெம்பனிஸ், ஜூரோங், உட்லண்ட்ஸ், பொங்கோல் வட்டார நூலகங்கள் பெரியவை. காணொளிச் சந்திப்பை மட்டும் அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள்.

கழுத்து சொல்லும் கணக்கு

இரண்டாவது பாடம் என் கழுத்திடமிருந்து வந்தது. மடிக்கணினியை மேசையில் வைத்துக் குனிந்து பார்த்தே வேலை செய்ததில், நிகழ்ச்சியில் தலையைத் திருப்பினாலே வலிக்கும் நிலை.

மடிக்கணினியின் சிக்கல் இதுதான்: திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருக்கின்றன. கைக்கு வசதியான உயரத்தில் வைத்தால் கண் குனியவேண்டும். கண்ணுக்கு வசதியாக உயர்த்தினால் கை தூக்கவேண்டும். அதற்கு வழி, தனி விசைப்பலகையும் தனி மவுஸும். இரண்டும் சேர்த்து நூறு வெள்ளிக்குக் குறைவாகவே கிடைக்கும். மடிக்கணினியை நாலைந்து தடித்த புத்தகங்கள்மேல் வைத்து, திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்துக்கு அல்லது சற்றுக் கீழே வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். திரை ஒரு கை நீட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

நாற்காலியில் முதுகு சாய்ந்திருக்கவேண்டும், முழங்கை ஏறக்குறைய ‘ட’ எழுத்துபோல் மடங்கவேண்டும், பாதம் தரையில் முழுதாகப் பதியவேண்டும். என்னைப்போல் உயரம் குறைந்தவர்களுக்குப் பாதம் எட்டாது. பழைய செருப்புப் பெட்டிக்குள் நாளிதழ்களை நெருக்கமாக அடுக்கிக் கால் வைத்துக்கொள்கிறேன். நாற்காலிக்குச் செலவு செய்வதாக இருந்தால், கடைக்குப் போய் பத்து நிமிடமாவது உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள். மேசைக்குச் செலவைக் குறைத்து நாற்காலிக்குக் கூட்டுவது நல்லது.

எவ்வளவு நல்ல நாற்காலியானாலும் எழுந்து நடக்காமல் இருக்க அது சாக்காகிவிடக்கூடாது. கண்ணுக்கு ஓர் எளிய விதி உண்டு. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, ஆறு மீட்டருக்கு அப்பால் உள்ள எதையாவது இருபது விநாடி பார்ப்பது. எனக்கு அது எதிர் புளோக்கில் காயும் துணிகள்.

வெளிச்சம் எந்தப் பக்கம்?

சன்னல் உங்களுக்குப் பின்னால் இருந்தால், சந்திப்பில் உங்கள் முகம் கறுத்த நிழலாகத் தெரியும். திரையிலும் வெளிச்சம் பட்டுக் கண் கூசும். நேர் எதிரே இருந்தால் பார்வை சன்னலின் பிரகாசத்துக்கும் திரைக்கும் மாறிமாறிப் போய்க் களைத்துவிடும். சன்னல் பக்கவாட்டில் இருப்பதே நல்லது. மேற்கு பார்த்த அறையாக இருந்தால் பிற்பகல் வெயில் நம் ஊரில் அறையைச் சூடேற்றிவிடும். தடித்த திரைச்சீலை ஒன்று போட்டால் வெயிலும் குறையும். அடுத்துச் சொல்லப்போகும் விஷயத்துக்கும் அது உதவும்.

காதுக்கும் கொஞ்சம் கவனம்

இது என் தொழில் என்பதால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். சந்திப்பில் முகம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். குரல் எதிரொலித்தால் பொறுக்கமாட்டார்கள். நம் வீடுகளில் தரை ஓடு, சுவர் காங்கிரீட். இரண்டும் ஒலியைத் திருப்பி அனுப்பும். மெத்தை, திரைச்சீலை, துணி அலமாரி எல்லாம் ஒலியை உறிஞ்சும். அதனால்தான் அன்று அலமாரிக்குள் பேசினேன். படுக்கையறைக்கு மாறியபின் என் பதிவுகள் வரவேற்பறையில் செய்ததைவிடத் தெளிவாக இருப்பதாகச் சக ஊழியர்களே சொன்னார்கள். ஒலிவாங்கி வாய்க்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருந்தால் மிக்சி சத்தம்கூட அடங்கித்தான் கேட்கும். சாதாரணக் கம்பிச் செவிப்பொறியே போதும்.

பக்கத்து வீட்டுப் புதுப்பிப்புப் பணியை மட்டும் எந்தச் செவிப்பொறியாலும் வெல்லமுடியாது. வீவக விதிப்படி சுவரை உடைப்பது போன்ற பெருஞ்சத்த வேலைகளுக்கு வாரநாள்களில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரைதான் அனுமதி. சரியாக நம் வேலை நேரம்! அறிவிப்பைப் பார்த்ததும் முக்கியச் சந்திப்புகளை அலுவலகம் போகும் நாள்களுக்கு மாற்றிவிடுவதே ஒரே வழி.

இணையம் தடுமாறினால் சேவை நிறுவனத்தைத் திட்டுமுன் ரௌட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சிலர் அதைப் பாம் ஷெல்டருக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். அந்தத் தடித்த காங்கிரீட் சுவரையும் இரும்புக் கதவையும் தாண்டி வைஃபை வருவது சிரமம். கூரையோ சுவரோரமோ வழியாக ஒரு கம்பியை இழுத்து மடிக்கணினியில் நேரடியாகச் செருகினால் பாதிப் பிரச்சினை தீரும்.

சிவப்பு அட்டை, பச்சை அட்டை

நிலையத்தில் நேரலை நடக்கும்போது கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும். அப்போது யாரும் கதவைத் திறக்கமாட்டார்கள். இதை மகளிடம் சொன்னேன். அவள் அட்டையை வெட்டி ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் பச்சையும் தீட்டி, கதவுப் பிடியில் தொங்கவிட்டாள்.

முதல் வாரம் நாள் முழுக்கச் சிவப்பையே தொங்கவிட்டேன். மூன்றாம் நாள் அவள், “அம்மா, எப்பவுமே சிவப்பா இருந்தா அது எதுக்கு?” என்று கேட்டாள். சரியான கேள்வி. இப்போது சந்திப்பும் ஒலிப்பதிவும் நடக்கும்போது மட்டும் சிவப்பு. மற்ற நேரம் பச்சை. பச்சையில் யாரும் கதவைத் தட்டலாம். சிவப்பு எப்போது மாறும் என்று தெரிந்தால் எட்டு வயதுக் குழந்தையும் காத்திருக்கும், எழுபது வயதுப் பெரியவரும் கீழே இறங்கிப் போகமாட்டார்.

கடையை மூடும் நேரம்

படுக்கையறையில் வேலை செய்வதில் ஒரு குறை உண்டு. தூங்கப் போகும்போதும் வேலை கண்ணெதிரே நிற்கும். அதற்காக மாலை ஆறு மணிக்கு மடிக்கணினி, விசைப்பலகை, குறிப்பேடு எல்லாவற்றையும் இழுப்பறைக்குள் வைத்து மூடிவிடுகிறேன். மேசைமேல் ஒரு துணி விரிப்பேன். வானொலி நிகழ்ச்சிக்கு முடிவிசை இருப்பதுபோல எனக்கு அந்த இழுப்பறைச் சத்தம். அலுவலகம் போகிறவருக்கு எம்ஆர்டி பயணம் வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஓர் இடைவெளியைத் தருகிறது. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர் அதைத் தானே உண்டாக்கவேண்டும். நான் மாமாவோடு கோப்பிக் கடைவரை நடந்துவிட்டு வருகிறேன்.

அந்தப் பிரம்பு நாற்காலியைச் சன்னலோரம் நான்தான் திரும்பப் போட்டேன். மாமா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை உட்கார்ந்தார். வானொலியை மட்டும் போடவில்லை. இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் நானே போய்ப் போட்டுவிட்டு, “சத்தமா வைங்க மாமா, எனக்கும் கேட்கணும்” என்று சொல்லிவிட்டு அறைக்குப் போனேன். சிவப்பு அட்டை தொங்கும்போது அவரே குறைத்துவிடுகிறார். பச்சையானதும் மறுபடி கூட்டிவிடுகிறார்.

வீட்டில் அலுவலகம் அமைக்க நினைக்கிறீர்களா? இணையத்தில் மேசை தேடுமுன் ஒரு வாரநாள் காலையில் உங்கள் வரவேற்பறையில் சும்மா உட்கார்ந்து பாருங்கள். அந்த இடத்தில் ஏற்கெனவே யார் இருக்கிறார் என்று தெரிந்துவிடும். அவரிடம் கேட்டுவிட்டு மேசையை வாங்குங்கள்.

சென்ற செவ்வாய்க்கிழமை, அட்டை பச்சையானதும் கதவு தட்டப்பட்டது. மாமா.

“இப்ப பேசுச்சே உங்க நிலையத்துப் பிள்ளை, ‘மழை’ங்கிறதை ‘மளை’ங்குது. நாளைக்கு ஆபீஸ் போனா சொல்லிடு.”

சொல்லிவிட்டேன்.