நாக்கில் வெள்ளைப் படலம்: தேங்காய் எண்ணெய் மட்டும் போதுமா?

ஸ்ரீரங்கம் கோயிலின் தன்வந்திரி சன்னதிக்குப் போயிருக்கிறீர்களா? இந்தக் கோயிலில் ஒரு காலத்தில் ஆரோக்கியசாலையே, அதாவது மருத்துவமனையே, நடந்தது. சிதைந்துபோன அதைக் கருடவாகன பட்டர் புதுப்பித்ததை 1493-ம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. திருச்சியில் பல வீடுகளில் மூலிகை, எண்ணெய் வைத்தியத்துக்கு இன்னும் மவுசு உண்டு. ஆனால், வாயில் பூஞ்சைத் தொற்று வந்தால் எண்ணெய் கொப்பளித்தால் போதுமா?

அது என்ன தொற்று?

கேண்டிடா என்ற பூஞ்சை பலருடைய வாயிலும் சும்மா இருக்கும். எதிர்ப்பு சக்தி குறைந்தாலோ, ஆன்டிபயாடிக் மருந்தால் நல்ல பாக்டீரியா அழிந்தாலோ பெருகிவிடும். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் மாதிரி வெள்ளையாகப் படியும். துடைத்தால் கீழே சிவந்திருக்கும். குழந்தைகளுக்கு வந்தால் பாட்டிமார் ‘அக்கரம்’ என்பார்கள்.

எண்ணெய் வேலை செய்யுமா?

ஓரளவுக்கு. தேங்காய் எண்ணெயின் லாரிக் அமிலத்துக்கும் கிராம்பு எண்ணெயின் யூஜினாலுக்கும் பூஞ்சையின் செல் சவ்வைச் சிதைக்கும் தன்மை உண்டு. நைஜீரியாவின் இபாடானில் 52 கேண்டிடா மாதிரிகளில் தேங்காய் எண்ணெயைச் சோதித்தார்கள். 2007-ல் வெளியான அந்த ஆய்வில் பூஞ்சை வளர்ச்சி தடைபட்டது. ஆனால் அது ஆய்வகம். நம்ம வாயில் எச்சில் எண்ணெயைக் கழுவிக்கொண்டே இருக்கும்.

எதில் கவனம்?

கொப்பளித்த எண்ணெயைத் துப்பிடணும். கிராம்பு எண்ணெயை நேரடியாகத் தடவினால் வாய் வெந்துவிடும். கைக்குழந்தை வாயில் எண்ணெய் ஊற்றவே கூடாது. மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் அழற்சி வரலாம்.

எப்போது டாக்டரிடம் போகணும்?

ஒரு வாரத்தில் சரியாகாவிட்டால், விழுங்கும்போது வலித்தால், அடிக்கடி திரும்ப வந்தால் தள்ளிப்போடாதீர்கள். நிஸ்டாட்டின், க்ளோட்ரிமசோல் போன்ற மருந்துகளில் பெரும்பாலும் 7 முதல் 14 நாட்களில் குணமாகிவிடும்.

இன்னொன்றும் முக்கியம். கண்டுபிடிக்கப்படாத சர்க்கரை நோயின் அறிகுறியாகவும் இந்தப் படலம் வரலாம். எண்ணெய் கொப்பளித்தே மாதக்கணக்கில் ஓட்டினால் அது தெரியாமலே போய்விடும். புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையிலோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்கள், ஒவ்வொரு முறையும் தண்ணீரில் வாய் கொப்பளித்தாலே பாதி பிரச்சினை வராது.

எண்ணெய் கொப்பளிக்கலாம், தப்பில்லை. அதோடு ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.