பசுவும் எருமையும் பிரிந்த காலம்

காவிரி பாயும் தஞ்சை நாட்டில் நெல்லும் கால்நடையும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாதவை. வரப்போரத்தில் பசு மேயும். வாய்க்கால் நீரில் எருமை மூழ்கிக் கிடக்கும். இரண்டும் அசைபோடுவன, இரண்டும் கொம்புடையன, இரண்டற்கும் குளம்பு பிளவுபட்டது. ஆதலின் இவை உறவுடையன என்பதை யாரும் எளிதில் உணரலாம். ஆயின், அவ்வுறவு எத்துணை நெருக்கமானது? இரண்டற்கும் பொதுவான முன்னோர் எக்காலத்தில் வாழ்ந்தன? இவ்வினாக்களுக்குப் புறத்தோற்றம் மட்டும் விடை தாராது.

பெயரும் விடை தாராது. கன்று என்னும் இளமைப்பெயர் ஆவிற்கும் எருமைக்கும் உரியது என்று தொல்காப்பிய மரபியல் கூறுகிறது. யானைக்கும் குதிரைக்கும் அதுவே உரியது என்றும் கூறுகிறது. பெயர் ஒன்றாயினமையால் யானையும் பசுவும் ஓரினம் ஆகிவிடுமோ? ஆகா. சொல்வழக்கு வேறு, குருதியுறவு வேறு.

அங்ஙனமாயின், உறவின் காலத்தை அறிவது எப்படி? இதற்கு நம் ஏட்டுச்சுவடிகளே நல்ல உவமையாகும். 1855-ஆம் ஆண்டில் தோன்றிய, சோழநாட்டு உத்தமதானபுரத்தைச் சேர்ந்த உ. வே. சாமிநாதையர், ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் தேடினார். அவற்றை ஒப்பு நோக்கி, 1887-இல் சீவகசிந்தாமணியை அச்சேற்றினார். ஏடுகள் பலவாயின் பாடங்களும் பலவாகும். பழைய ஓலை சிதையுமுன் புதிய ஓலையில் படியெடுப்பர். எழுதுவோர் எவ்வளவு விழிப்புடையராயினும் எங்கேனும் ஓரெழுத்துப் பிறழும். அடுத்துப் படியெடுப்பவர் அப்பிழையையும் சேர்த்தே எழுதுவார். ஆதலின், இரண்டு ஏடுகளில் ஒரே பிழைகள் பல காணப்படின், அவை ஒரே தாயேட்டின் வழிவந்தவை எனத் துணியலாம்.

உயிர்களிடத்தும் இத்தகைய ஓர் ஏடு உண்டு. அதுவே உயிரணுக்களில் உள்ள டி.என்.ஏ. என்னும் பொருள். நான்கே வகை எழுத்துகளால் அது எழுதப்பெற்றுள்ளது எனலாம். பெற்றோரிடமிருந்து மகவுக்கு அது படியெடுக்கப்படும்பொழுது, மிக அரிதாக ஓரெழுத்து மாறும். அம்மாற்றம் வழிவழியே தொடரும். உயிரினங்கள் பிரிந்து எவ்வளவு காலம் ஆயிற்றோ, அவ்வளவிற்கு மாற்றங்களும் மிகும். இக்கருத்தை 1962-ஆம் ஆண்டில், குருதியிலுள்ள ஈமோகுளோபினை ஆராய்ந்து, சுக்கர்கண்டல், பாலிங் என்னும் அறிஞர் இருவர் வெளியிட்டனர். இது பின்னர் 'மூலக்கூற்றுக் கடிகாரம்' என்று பெயர் பெற்றது.

கணக்கிடும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். ஒரு தாயேட்டிலிருந்து இரு படிகள் எடுக்கப்பட்டன. ஒன்று குடந்தையிலும் மற்றொன்று நாகையிலும் வழிவழியாகப் படியெடுக்கப்பட்டன. ஒவ்வொரு வழியிலும் 25 ஆண்டுகட்கு ஒரு பிழை புகுந்ததாகக் கொள்வோம். இப்பொழுது இரண்டையும் ஒப்பிட, 16 இடங்களில் வேறுபாடு காணப்படுகிறது. 16-ஐ 25-ஆல் பெருக்கி, 400 ஆண்டு என்று கூறலாமோ? கூடாது. பிழைகள் இரு வழியிலும் புகுந்தன அன்றோ? ஆகவே ஒரு வழிக்கு எட்டுப் பிழைகளே. பிரிந்து 200 ஆண்டுகளே ஆயின. உயிரினங்களின் வேறுபாட்டையும் இவ்வாறே இரண்டாகப் பகுத்தல் வேண்டும்.

ஈண்டு ஓர் இடர்ப்பாடு உண்டு. எல்லார் கையும் ஒரே அளவில் பிழை செய்வதில்லை. விரைவில் ஈன்று விரைவில் மடியும் எலியினத்தில் மாற்றங்கள் விரைந்து சேரும்; நெடுங்காலம் வாழும் யானையினத்தில் மெல்லச் சேரும். மேலும், ஒரே இடத்தில் இருமுறை மாற்றம் நிகழின், முன்னது மறைந்துபோகும். ஆகவே கடிகாரத்தைத் திருத்திக்கொள்ள, காலம் தெரிந்த சான்று ஒன்று வேண்டும். ஏட்டின் இறுதியில் எழுதி முடித்த ஆண்டு குறிக்கப்பட்டிருப்பின், அஃது எவ்வளவு உதவும்! உயிரின ஆராய்ச்சியில் அவ்வுதவியைச் செய்வன புதைபடிவங்கள்.

தஞ்சை வண்டல் காலத்தால் மிக இளையது; அதில் இத்தகைய பழஞ்சான்று கிட்டாது. அரியலூர்ப் பாறைகளோ மிகப் பழையன. பசுவும் எருமையும் தோன்றுதற்கு நெடுங்காலம் முன்னே அங்கிருந்த கடலின் உயிர்களையே அவை காட்டும். மாட்டினத்தின் பழைய எலும்புகள் வடக்கே சிவாலிக் மலையடுக்குகளில் கிடைத்துள்ளன. பாறையடுக்கின் இடையே எரிமலைச் சாம்பல் இருப்பின், அதிலுள்ள பொட்டாசியத்தின் ஒரு பகுதி ஆர்கானாக மாறிய அளவைக்கொண்டு அதன் வயதைக் கணிப்பர். எனினும், நமக்குக் கிடைத்த முதல் எலும்பு, அவ்வினத்தின் முதல் விலங்கினுடையது ஆகாது. இனம் அதற்கு முன்னரே தோன்றியிருக்கும். ஆகவே புதைபடிவம் குறைந்த அளவையே காட்டும். இதுபற்றியே ஆராய்ச்சியாளர் ஓர் ஆண்டைக் கூறாது, இரண்டு எல்லைகளைக் கூறுகின்றனர்.

இம்முறையால் பசுவும் எருமையும் பிரிந்து ஏறத்தாழ 60 இலட்சம் முதல் ஒரு கோடி ஆண்டுகள் ஆயின என்று கணித்துள்ளனர். இன்னும் முன்னே கொண்டுசெல்வாரும் உளர். பசுவின் உயிரணுவில் 60 குரோமோசோம்கள் உள்ளன. நம் நாட்டு எருமைகளில் பெரும்பாலனவற்றிற்கு 50 உள்ளன. ஒரே தொழுவத்தில் வாழினும், இவ்விரண்டும் கலந்து கன்று ஈன்றதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை.

இக்கணக்கால் விளையும் பயன் யாது என வினவலாம். திமிலுடைய நம் மாடுகள், மேற்காசியாவில் பழக்கப்பட்ட மாடுகளின் வழிவந்தவை என்று கருதினோர் உண்டு. 1994-ஆம் ஆண்டில், நம் மாடுகளையும் ஐரோப்பிய மாடுகளையும் இம்முறையால் ஒப்பிட்டனர். அவை பிரிந்து இரண்டு இலட்சம் ஆண்டுகளேனும் ஆயின என்பது தெரிந்தது. மனிதன் மாட்டைப் பழக்கியதோ சுமார் 10,000 ஆண்டுகட்கு முன்னரே. எனவே, பழக்குவதற்கு முன்பே அவை பிரிந்திருந்தன. இரண்டும் வெவ்வேறு இடங்களில் தனித்தனியே பழக்கப்பட்டன. நாகைப் பகுதியில் ஆழ்ந்த சேற்றில் ஏரிழுக்கும் உம்பளச்சேரி மாடும் இப்பழந்திமில் மரபினதே. பிறக்கும்போது செந்நிறமாயிருந்து பின்னர்ச் சாம்பல்நிறம் பெறும் அதன் கன்று, நெடிய வரலாறொன்றைத் தன் உடலில் சுமந்து நிற்கிறது. அத்தகைய இனம் ஒன்று அழியின், வேறு படியில்லாத ஏட்டைத் தீக்கிரையாக்கியது போலாகும்.

ஒப்பு நோக்குதல், பிழையை எண்ணுதல், காலம் தெரிந்த சான்றால் சரிபார்த்தல், சான்று காட்டும் எல்லைக்கு மேல் பேசாதிருத்தல் ஆகிய இந்நான்கும் ஏட்டை ஆராய்வார்க்கும் உயிரை ஆராய்வார்க்கும் பொதுவான அறங்களாம். மாணவர் எத்துறையில் புகினும் இவற்றைக் கைக்கொள்வாராக.