செருப்பைக் கழற்றிக் காட்டுங்கள்

சீனி வருத்தத்துக்கு மாதாமாதம் கிளினிக் போகிறவர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் உள்ளங்காலைக் கடைசியாக யார் பார்த்தார்கள்? இரத்தம் எடுத்திருப்பார்கள், பிரஷர் பார்த்திருப்பார்கள், குளிசை எழுதித் தந்திருப்பார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னார்களா? பலருக்கு அப்படி ஒரு நாள் நினைவிலேயே இருக்காது. ஆட்கள் நிறைந்து வழியும் கிளினிக்கில் ஒருவருக்கு வைத்தியர் ஒதுக்கக்கூடியது சில நிமிடங்கள்தான். நாமும் வெடித்த குதிக்காலையும் கறுத்த நகத்தையும் காட்ட வெட்கப்பட்டுக் காலைக் கதிரைக்கடியில் இழுத்துக்கொள்கிறோம். இந்த வெட்கத்துக்கு நம்மவர்கள் கொடுக்கும் விலை மிகப் பெரியது.

ஏ9 வீதியில் மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் நடுவே இருக்கும் நாவுல, காலால் பிழைக்கிறவர்களின் ஊர். வயலும் பெரிய வெங்காயத் தோட்டமும் ஒரு பக்கம், போவதென்ன, மொரகஹகந்த நீர்த்தேக்கங்கள் மறுபக்கம். தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் இரவிரவாக மூட்டை சுமக்கும் நாட்டாமைமார், காலை முதல் இரவு வரை கடையில் நின்றபடியே வேலை செய்யும் பெண்கள், பின்னேரம் மைதானத்தில் கரப்பந்து ஆடும் பிள்ளைகள், டொக்டர் சொன்னாரென்று விடியற்காலையில் வீதியோரம் நடக்கிற பெரியவர்கள் என்று எல்லோருக்கும் கால்தான் மூலதனம். அந்தக் காலுக்கு வரும் ஆபத்துகளில் மிகக் கொடியதற்கு வலியே இல்லை. அதனால்தான் அதைப் பற்றி முதலில் பேச வேண்டியிருக்கிறது.

2005–06இல் நடந்த தேசிய ஆய்வு, இலங்கையில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு நீரிழிவு என்றது. 2018–19இல் எடுத்த இன்னொரு நாடளாவிய கணக்கெடுப்போ நூற்றுக்கு 23 பேர் என்று சொன்னது. நீரிழிவு உள்ளவர்களில் நூற்றுக்கு 19 முதல் 34 பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது காலில் புண் வரக்கூடும் என்பது உலகளாவிய மதிப்பீடு. நீரிழிவால் கால் வெட்டப்படும் சம்பவங்களில் ஐந்தில் நான்குக்கும் மேல் ஒரு சிறிய புண்ணில் தொடங்கியவை. ஒரு முள், ஒரு கொப்புளம், சப்பாத்து கடித்த ஒரு தடம் போதும்.

சின்னப் புண் இவ்வளவு தூரம் போவது வலி தெரியாததால்தான் என்ற உண்மையைக் கண்டறிந்த கதையில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. கொல்லிமலையில் 1914இல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த போல் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குச் சத்திரசிகிச்சை நிபுணராக வந்தார். தொழுநோயாளரின் சதை தானாகவே அழுகி விழுகிறது என்றுதான் அக்காலத்தில் எல்லோரும் நம்பினார்கள். பிராண்ட் நோயாளிகளின் கால்களைப் பொறுமையாகக் கவனித்தார். சதை தானாக அழுகவில்லை. நரம்பு செத்ததால் வலி தெரியவில்லை. வலி தெரியாததால் காயம் பட்ட காலிலேயே அவர்கள் திரும்பத் திரும்ப நடந்தார்கள். அதனால்தான் புண் ஆறவில்லை. உள்ளங்காலின் அழுத்தத்தைப் பரவலாக்க அவருடைய குழுவினர் எம்.சி.ஆர். எனப்படும் மென்மையான ரப்பரில் செருப்புகள் செய்தார்கள். பின்னாளில் அவர் அமெரிக்காவில் பணியாற்றியபோது நீரிழிவுக்காரரின் கால்களிலும் இதே கதையைக் கண்டார். இன்று உலகெங்கும் நீரிழிவுப் பாதங்களுக்குத் தரும் சிகிச்சையில் பாதி அந்த வேலூர் அறிவிலிருந்து வந்தது என்றே நான் கருதுகிறேன்.

காலில் உணர்வு போய்விட்டதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் ஆஸ்பத்திரியில் உருவான முறை இது. ஊசியும் வேண்டாம், கருவியும் வேண்டாம். அம்மாவையோ அப்பாவையோ கண்ணை மூடச் சொல்லுங்கள். காலின் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் ஆகியவற்றின் நுனியை உங்கள் சுட்டுவிரலால் ஓரிரு விநாடி மெல்லத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூசவைக்கவோ கூடாது. ஒரு விரலை ஒரு தடவைக்கு மேல் தொடவும் கூடாது. தொட்டது தெரிந்தால் வலது, இடது என்று அவர் சொல்ல வேண்டும். இரண்டு காலிலுமாக ஆறு விரல்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் அந்தக் கால்களில் உணர்வு குறைந்துவிட்டது என்று பொருள். அடுத்த கிளினிக் நாளில் இதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

உணர்வு குறைந்த காலுக்கு வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். இது நம் பழக்கத்துக்கு ஒத்துவராத விஷயம் என்று தெரியும். வெளியே போட்ட செருப்பை உள்ளே கொண்டுவர மனம் வராவிட்டால் வீட்டுக்கென்று வேறொரு சோடி வைத்துக்கொள்ளலாம். கோயில்தான் சங்கடமான இடம். மாத்தளை முத்துமாரியம்மனின் மாசி மகத் தேரின் பின்னே வெறுங்காலோடு வெயிலில் கொதிக்கும் தார் வீதியில் நடந்து, உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம் வந்ததை மறுநாள்தான் பார்க்கிறவர்கள் உண்டு. நேர்த்தி வைத்தவர் வெயிலுக்கு முன் போகட்டும், தடித்த சொக்ஸாவது அணியட்டும், வீட்டுக்கு வந்ததும் யாராவது ஒருவர் அவருடைய காலைப் பார்க்கட்டும். வெறும் சொக்ஸோடு நடப்பதுகூட மருத்துவ ஆலோசனைக்குப் புறம்பானதுதான். இருந்தும் பக்தியை விடச் சொல்லிப் பயனில்லை என்பதால் தீங்கு குறைந்த வழியையாவது சொல்கிறேன்.

ஒவ்வொரு இரவும் காலைக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, உள்ளங்காலை ஒரு கண்ணாடியிலோ பேரப்பிள்ளையின் கண்ணாலோ பார்க்க வேண்டும். குதிக்கால் வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் போதும். விரலிடுக்கில் மட்டும் பூசக் கூடாது, அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். நகத்தை நேராக வெட்டுங்கள். கால் ஆணியை பிளேடால் சீவுவது, பாமசியில் விற்கும் ஆணி பிளாஸ்டரை ஒட்டுவது, கடுக்கிறதென்று சுடுதண்ணீரில் காலை வைப்பது ஆகிய மூன்றும் சீனிக்காரருக்கு ஆகவே ஆகாது. அந்த பிளாஸ்டரில் இருப்பது அமிலம். அது ஆணியோடு நிற்காமல் நல்ல தோலையும் அரிக்கும், வலிக்காததால் உங்களுக்குத் தெரியாது. சுடுதண்ணீரின் கதையும் அதுவே.

சீனி இல்லாதவர்களுக்கும் வயலில் வேறு ஆபத்துகள் உண்டு. மாத்தளை, எலிக்காய்ச்சல் நீண்டகாலமாக இருந்துவரும் மாவட்டம். நாடெங்கும் ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அந்தக் காய்ச்சல் கண்ட 2008இல் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் இதுவும் ஒன்று. கிருமி காலில் உள்ள கீறல் வழியேதான் பெரும்பாலும் நுழைகிறது. விதைப்புக் காலத்தில் வாரம் ஒரு தடவை குடிக்கும் டொக்சிசைக்ளின் மருந்தை சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகமும் பீஎச்ஐமாரும் விவசாயிகளுக்கு இலவசமாகத் தருகிறார்கள். கேட்டு வாங்குங்கள். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் அதைக் குடிக்கக் கூடாது. வயலில் இறங்கிய ஆளுக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் பனடோலோடு வீட்டில் கிடக்கக் கூடாது. வயலுக்குப் போனதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். காலில் ஆணியோ முள்ளோ ஆழமாக ஏறினால் ஏற்பு ஊசி எப்போது போட்டது என்று பாருங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், உறிஞ்சாமல், காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

மைதானத்திலும் மூட்டைக்கு அடியிலும் நடப்பது வேறு. கணுக்கால் பிசகுகிறது, வீங்குகிறது. எக்ஸ்ரே வேண்டுமா என்று முடிவெடுக்க உலகெங்கும் வைத்தியர்கள் பயன்படுத்தும் விதி ஒன்று, கனடாவின் ஒட்டாவாவில் 1992இல் வெளியானது. அடிபட்ட உடனேயும் பிறகும் நாலு அடி வைக்க முடியாவிட்டால், அல்லது கணுக்காலின் இருபுறமும் துருத்தும் எலும்பின் பின்னோரத்தை அழுத்தும்போது வலித்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பாதத்தின் வெளியோரத்தின் நடுவில் புடைத்திருக்கும் எலும்பிலும், உட்பக்க வளைவின் மேலுள்ள எலும்பிலும் அப்படித்தான். அதுவரை எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள், காலைத் தலையணையில் உயர்த்துங்கள்.

முறிவு தெறிவு வைத்தியரிடம் போகாதே என்று நான் சொல்லவில்லை. பரம்பரை பரம்பரையாக நல்ல கைராசியோடு பார்க்கிறவர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள்; 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின்கீழ் அவர்கள் பதிவு செய்திருக்க வேண்டும், அந்தப் பதிவைக் கேட்டுப் பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு போங்கள். பத்தும் மட்டையும் வைத்து இறுக்கிக் கட்டிய பிறகு விரல் குளிர்ந்தால், நீலம் பாரித்தால், விறைத்தால், அல்லது வலி கூடிக்கொண்டே போனால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கட்டை அவிழ்த்துவிட்டு அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரத்த ஓட்டம் நின்ற காலுக்குச் சில மணித்தியாலங்களே கெடு. சீனிக்காரருக்கு அடிபடாமலே ஒரு பாதம் சிவந்து, சூடேறி, வீங்கினாலும் இதே அவசரம். வலி குறைவாக இருக்கிறதே என்று நடந்து திரிந்தால் உள்ளே எலும்புகள் நொறுங்கிப் பாதத்தின் அமைப்பே மாறிவிடக்கூடும்.

காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குத்துகிற குதிக்கால் வலி இவற்றோடு ஒப்பிட்டால் சாதுவானது. தேய்ந்த ரப்பர் செருப்பை மாற்றி, கெண்டைக்காலையும் உள்ளங்காலையும் நாளும் நீட்டிப் பயிற்சி செய்தால் மாதங்களில் குறையும்.

இனி, எங்கே போவது? காலுக்கென்றே படித்த நிபுணரை நாவுலயில் தேடி அலைய வேண்டாம். அந்த வேலை நம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பல கைகளுக்குப் பிரிந்து கிடக்கிறது, எல்லாம் இலவசமாக. 35 வயதைத் தாண்டியவர்களுக்குச் சீனியும் பிரஷரும் பார்க்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் 2011இலிருந்து அரசாங்கச் சிறு ஆஸ்பத்திரிகளோடு சேர்ந்து இயங்குகின்றன. காயத்துக்கு மருந்து கட்டுவது பிரதேச வைத்தியசாலையில் நடக்கும். ஆறாத புண், எக்ஸ்ரே, பிசியோதெரபி என்றால் மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ தம்புள்ளை ஆதார வைத்தியசாலைக்கோ கடிதம் வாங்க வேண்டும். கால் இரத்தக்குழாய் அடைப்புக்குக் கண்டி தேசிய வைத்தியசாலை. இரண்டு வாரமாகியும் புண் சுருங்காவிட்டால், "மிஸ், இது ஆறவே இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தரச் சொல்லுங்க" என்று கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை. வருடத்துக்கு ஒரு முறையாவது காலை முழுமையாகப் பரிசோதிப்பது நீரிழிவுச் சிகிச்சையின் ஒரு பகுதி. யாரும் செய்யும் உபகாரம் அல்ல. "டொக்டர், இந்த முறை காலையும் ஒருக்காப் பாருங்க" என்று சொல்லிச் செருப்பைக் கழற்றிவிட்டால் எந்த வைத்தியரும் பாராமல் விடமாட்டார். பார்த்ததைக் கிளினிக் கொப்பியில் எழுதவும் சொல்லுங்கள்.

நாவுலயில் நிர்வாகம் சிங்களத்தில் நடக்கிறது. வயதான தமிழ்ப் பெண் ஒருவருக்குக் கால் விறைப்பதையும் எரிவதையும் சிங்களத்தில் விளக்கத் தெரியாமல், "வலி" என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பி வருவது நடக்கிறது. அப்போது நோயே பிழையாகப் பதிவாகிவிடுகிறது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதிகளிலும் அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை இடம் தருகிறது. அது மறுக்கப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடமும், இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்திலும் முறையிடலாம். அதுவரை சிங்களம் தெரிந்த மகளோ பக்கத்து வீட்டுத் தம்பியோ கூடப் போகட்டும்.

தனியார் கிளினிக்கில் பணம் கொடுத்துப் பார்ப்பவர்களுக்கும் பாதுகாப்பு உண்டு. 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். முறைப்பாட்டைத் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் பேரவையிடம் கொடுக்கலாம். வைத்தியருக்கு இலங்கை மருத்துவப் பேரவையின் பதிவு இலக்கம் இருக்க வேண்டும். மருந்துத் துண்டில்லாமல் நுண்ணுயிர்க்கொல்லி குளிசை விற்கும் பாமசி சட்டத்தை மீறுகிறது. அரைகுறையாகக் குடித்த அந்தக் குளிசைகள்தான் பிறகு புண்ணை எந்த மருந்துக்கும் அடங்காததாக்குகின்றன. "நீரிழிவுச் செருப்பு" என்று சொல்லி அதிக விலைக்கு விற்கிறவர்களிடம் பில் கேட்டு வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977. செருப்பின் பெயரைப் பார்க்காதீர்கள், முன்பக்கம் அகலமா, அடி மென்மையாகவும் மடியாமலும் இருக்கிறதா, பின்னால் பட்டி உண்டா, உள்ளே தையல் உறுத்துகிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். கால் வீங்கியிருக்கும் பின்னேரத்தில் போய் வாங்குவது நல்லது.

மூட்டை விழுந்தோ இயந்திரத்தில் சிக்கியோ வேலையிடத்தில் கால் போனவர்களுக்கு 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் இருக்கிறது. முதலாளி ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொஞ்சம் காசு கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். டயக்னோசிஸ் கார்டைப் பத்திரப்படுத்துங்கள், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியை எடுங்கள், நட்டஈட்டு ஆணையாளரிடம் தாமதிக்காமல் விண்ணப்பியுங்கள்.

கடைசியாக, காலை எடுக்க வேண்டும் என்று ஒரு வைத்தியர் சொல்லும் நாள். கிருமி இரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தென்றால் அந்த முடிவைத் தள்ளிப்போடக் கூடாது. நேரம் இருந்தால், கையெழுத்து வைக்குமுன் கேட்க வேண்டியவை உண்டு. இரத்த ஓட்டத்தை ஸ்கேன் பண்ணிப் பார்த்தீர்களா? அடைப்பை எடுக்க முடியுமா? விரலோடு நிறுத்த முடியுமா, முழங்காலுக்குக் கீழே நிறுத்த முடியுமா? முழங்கால் தப்பினால் செயற்கைக் காலோடு நடப்பது எவ்வளவோ இலகு. இன்னொரு வைத்தியரின் கருத்தைக் கேட்பதும் உங்கள் உரிமை. செயற்கைக் கால் செய்கிறவர்களைப் பயிற்றும் பாடசாலை 2004இலிருந்து ராகமையில் இருக்கிறது. கொழும்பில் ஃபிரண்ட்-இன்-நீட் சங்கம் பல்லாண்டுகளாக ஜெய்ப்பூர் கால் பொருத்தி வருகிறது. வார்ட்டை விட்டு வருமுன்பே இதற்கான கடிதத்தைக் கேளுங்கள். மற்றக் காலைப் பற்றியும் அன்றே கேளுங்கள்: இனி உடம்பின் பாரம் முழுவதும் அதில்தான் விழும், ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதைப் பரிசோதிக்க வேண்டும். அடுத்த திகதியை எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.