சித்தூரில் பிறந்து தென்னகமெங்கும் ஒலித்த குரல்: யார் இந்தப் பி. லீலா?

'மாயா பஜார்' திரைப்படத்தில் நிலவொளியில் படகு மிதந்து செல்லும் காட்சியில் சாவித்திரிக்காக ஒலிக்கும் குரல் ஒன்று உண்டு. 'லவகுசா'வில் வால்மீகியின் ஆசிரமத்துச் சிறுவர்கள் இராமகதை பாடும்போது கேட்கும் இரு குரல்களில் ஒன்றும், குருவாயூர் பக்தர்களுக்கு நன்கு அறிமுகமான 'நாராயணீயம்' ஒலிப்பதிவில் கேட்கும் குரலும் அதுவே. அக்குரலுக்கு உரியவர் கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூரில் பிறந்த பி. லீலா.

கர்நாடக இசை மேடைக்கெனப் பயிற்றுவிக்கப்பட்ட இவர், தமிழ், தெலுங்கு, மலையாளம் ஆகிய மூன்று மொழித் திரையுலகிலும் பின்னணிப் பாடகியாக உருவெடுத்தார். ஆயினும், மத்திய அரசின் பத்ம பூஷண் விருது இவர் மறைந்து மூன்று மாதங்கள் நிறைவடையும் முன்னர்தான் அறிவிக்கப்பட்டது. குரலை அறிந்த பலருக்குப் பெயர் தெரியாமல் போன இக்கலைஞரின் வாழ்வையும் திரைப்பயணத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

எல்லையில் ஓர் ஊர்

பொறயத்து லீலா 1934ஆம் ஆண்டு மே 19ஆம் தேதி பிறந்தார். தந்தை வி.கே. குஞ்ஞன் மேனன் எர்ணாகுளத்தில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். தாயார் பொறயத்து மீனாட்சி அம்மா. மூன்று மகள்களுள் லீலாவே இளையவர்.

அவரது பெயரின் முன்னெழுத்தான 'பி', தந்தையின் பெயரைக் குறிப்பதன்று. தாய்வழி வீட்டுப் பெயரான 'பொறயத்து' என்பதைக் குறிப்பது. தாய்வழி மரபைப் பின்பற்றிய கேரளக் குடும்பங்களில் இத்தகைய வழக்கம் பரவலாக இருந்தது.

சித்தூர், பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கே, கோவை மாவட்டத்தை ஒட்டிய பகுதியாகும். இங்குள்ள பகவதி கோயிலில் நடைபெறும் 'கொங்கன்படை' விழா, கொங்கு நாட்டுப் படையை எதிர்த்து நின்ற நிகழ்வை நினைவுகூர்வது. மலையாள இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்படும் எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தைக் கழித்த குருமடமும் இவ்வூரின் ஆற்றங்கரையில்தான் உள்ளது. இடுக்கியின் எல்லையோர ஊர்களைப் போலவே இங்கும் தமிழும் மலையாளமும் அன்றாடப் பேச்சில் அருகருகே வாழ்கின்றன.

லீலா பிறந்த காலத்தில் சித்தூர் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. அருகிலிருந்த பாலக்காடு நகரமோ ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. ஆட்சி எல்லைகள் இவ்வாறு பிரிந்து கிடந்தபோதும் இசைக்கு எல்லை இருக்கவில்லை. கோட்டாயி கிராமத்தைச் சேர்ந்த செம்பை வைத்தியநாத பாகவதர், மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர், கே.வி. நாராயணசாமி, எம்.டி. ராமநாதன் எனப் பாலக்காட்டுப் பகுதியில் தோன்றிய கலைஞர்கள் பலர் கர்நாடக இசையின் முன்வரிசையில் இடம்பெற்றனர். அம்மரபின் தொடர்ச்சியாகவே லீலாவின் இளமைக் காலமும் அமைந்தது.

பத்து வயதில் சென்னைப் பயணம்

மூன்று மகள்களும் இசை பயில வேண்டும் என்பது குஞ்ஞன் மேனனின் விருப்பம். லீலாவின் முதல் குரு மணி பாகவதர். செம்பை வைத்தியநாத பாகவதர் தந்தைக்கு நண்பராக இருந்தமையால், அவரிடமும் இசை கற்கும் வாய்ப்பு லீலாவுக்குக் கிடைத்தது. பத்தமடை கிருஷ்ண ஐயர், மருத்துவக்குடி ராஜகோபால ஐயர், ராமநாதபுரம் கிருஷ்ணன் ஆகியோரும் அவருடைய ஆசிரியர்கள்.

1944ஆம் ஆண்டில் குடும்பத்தினர் எடுத்த முடிவு அவர் வாழ்வின் திசையை மாற்றியது. சென்னையில் வசித்துவந்த வடக்கஞ்சேரி ராம பாகவதரிடம் குருகுல முறையில் இசை கற்பதற்காகச் சிறுமி லீலா அழைத்து வரப்பட்டார். அப்போது அவருக்கு வயது பத்து. அதிகாலைச் சாதகமும், அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், ஜி.என். பாலசுப்பிரமணியம் போன்றோரின் கச்சேரிகளை நேரில் கேட்கும் வாய்ப்பும் அவரது ஞானத்தை வளர்த்தன.

1946ஆம் ஆண்டு, துர்காபாய் தேஷ்முக் நிறுவிய ஆந்திர மகிளா சபாவில் லீலாவின் கச்சேரி நடைபெற்றது. அதுவரை அவரது இலக்கு கச்சேரி மேடையாகவே இருந்தது.

திரைக்கு ஏன் தேவைப்பட்டது பயின்ற குரல்?

தமிழில் பேசும்படம் தொடங்கிய காலத்தில் நடிப்பவர்களே பாட வேண்டியிருந்தது. எனவே பாடத் தெரிந்தவர்களே கதாநாயகர்களாகவும் கதாநாயகிகளாகவும் ஆயினர். எம்.கே. தியாகராஜ பாகவதர், கே.பி. சுந்தராம்பாள், எம்.எஸ். சுப்புலட்சுமி ஆகியோர் அதற்குச் சான்றுகள். 1938ஆம் ஆண்டு வெளிவந்த 'நந்தகுமார்' படத்தில் ஒருவர் நடிக்க மற்றொருவர் குரல் கொடுக்கும் முறை தமிழில் அறிமுகமானது. அடுத்த பத்தாண்டுகளில் இம்முறை பரவலாயிற்று.

இம்மாற்றம் புதியதொரு தேவையை உருவாக்கியது. முகம் தெரியவேண்டியதில்லை, ஆனால் குரல் சிறிதும் தவறக் கூடாது. அக்கால ஒலிப்பதிவில் பாடகரும் வாத்தியக் குழுவினரும் ஒரே நேரத்தில் இசைத்தாக வேண்டும். பிழையை மட்டும் வெட்டி ஒட்டும் இன்றைய வசதி அன்று இல்லை. ஒருவர் தவறினால் முழுப் பாடலையும் மீண்டும் தொடக்கத்திலிருந்து பதிவு செய்ய வேண்டும். சுருதியும் தாளமும் இயல்பாகவே படிந்த குரல்களை இசையமைப்பாளர்கள் நாடியதற்கு இதுவே முக்கியக் காரணம்.

நேரக் கட்டுப்பாடு மற்றொரு காரணம். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்றரை நிமிடங்களே பதிவு செய்ய இயலும். கச்சேரியில் அரை மணி நேரம் விரித்துப் பாடும் ராகத்தின் சாயலைச் சில நொடிகளில் காட்டிவிட வேண்டும். கமகத்தைச் சுருக்கியும் சொல்லைத் தெளிவாகவும் பாடத் தெரிந்தவர்களுக்கே இது கைகூடியது.

இத்தகைய சூழலில் இசைத்தட்டு நிறுவனத்தின் கவனம் லீலாவின் பக்கம் திரும்பியது. மகள் திரைப்படத்தில் பாடுவதில் தந்தைக்குத் தொடக்கத்தில் விருப்பம் இருக்கவில்லை என்றும், வற்புறுத்தலுக்குப் பின்னரே இசைந்தார் என்றும் வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. 'கங்கணம்' என்னும் தமிழ்ப் படத்தில் கதாநாயகிக்காக லீலா பாடியபோது அவருக்கு வயது 13.

தமிழும் தெலுங்கும் தந்த உயரம்

1950களில் சென்னை, தென்னிந்திய மொழிகள் அனைத்துக்குமான திரைப்படத் தலைநகராக விளங்கியது. ஒரே கதை தமிழிலும் தெலுங்கிலும் ஒரே அரங்கில் படமாக்கப்படுவது வழக்கம். மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட லீலா, இரு பதிப்புகளுக்கும் குரல் கொடுக்கும் பாடகியானார்.

விஜயா நிறுவனத்தின் 'பாதாள பைரவி' (1951), 'மிஸ்ஸியம்மா' (1955), 'மாயா பஜார்' (1957) ஆகிய படங்கள் இந்தக் காலத்தின் அடையாளங்கள். இசையமைப்பாளரும் பாடகருமான கண்டசாலாவுடன் அவர் பாடிய இணைப்பாடல்கள் இரு மாநிலங்களிலும் வானொலி வழியே நிலைபெற்றன.

'மிஸ்ஸியம்மா' தனித்துக் குறிப்பிடத்தக்கது. எஸ். ராஜேஸ்வர ராவ் இசையமைத்த இப்படத்தில், சூழ்நிலை காரணமாக இந்துப் பெண்ணாக நடிக்க நேரும் கிறித்தவ ஆசிரியை மேரியாகச் சாவித்திரி தோன்றுகிறார். மேரி மாதாவை வேண்டும் பாடல், நிலவை அழைக்கும் மெல்லிசைப் பாடல், தியாகராஜர் கிருதி என மூன்று வேறு இயல்புடைய பாடல்களையும் சாவித்திரிக்காகப் பாடியவர் லீலா. கச்சேரிப் பயிற்சி ஒரு குரலைக் கட்டிப்போடாது, மாறாக அதன் எல்லையை விரிக்கும் என்பதற்கு இம்மூன்று பாடல்களே போதிய சான்று.

1958இல் ஜெமினி நிறுவனத்தின் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' வெளிவந்தது. வைஜயந்திமாலாவும் பத்மினியும் மோதும் நடனப் போட்டிக் காட்சி தமிழ்த் திரை வரலாற்றில் இன்றும் பேசப்படுகிறது. சி. ராம்சந்திரா இசையமைத்த அப்பாடலைப் பி. லீலாவும் ஜிக்கியும் பாடினர். திரையில் கால்கள் போட்டியிட்டபோது, ஒலிப்பதிவுக் கூடத்தில் இரு குரல்கள் போட்டியிட்டன எனலாம்.

1963ஆம் ஆண்டு தெலுங்கிலும் தமிழிலும் வெளியான 'லவகுசா'வில், சிறுவர்களான லவனுக்கும் குசனுக்கும் லீலாவும் பி. சுசீலாவும் குரல் கொடுத்தனர். இராமாயணத்தின் நீண்ட பகுதிகளைக் கதை சிதையாமல், இரு குரல்களும் ஒன்றாய் இழைந்து பாட வேண்டிய பணி அது. இரு மொழிகளிலும் அப்பாடல்கள் இன்றளவும் விரும்பிக் கேட்கப்படுகின்றன.

மலையாளத்தின் முதல் தலைமுறை

மலையாளத்தில் பின்னணிப் பாடல் முறை அறிமுகமான முதல் படமாகக் கருதப்படுவது 1948இல் வெளிவந்த 'நிர்மலா'. கர்நாடக இசைக் கலைஞர் டி.கே. கோவிந்த ராவும் பி. லீலாவும் அதில் பாடினர். அம்மொழித் திரையிசையின் தொடக்கமே இசை மேடையிலிருந்து வந்தவர்களின் குரலில் அமைந்தது.

இசையமைப்பாளர் வி. தட்சிணாமூர்த்தியுடனான அவரது இசைத் தொடர்பு நீண்டது. தட்சிணாமூர்த்தியின் முதல் படமான 'நல்லதங்காள்' (1950) திரைப்படத்தில் லீலா பாடினார். அதன் கதாநாயகனாக நடித்துப் பாடியவர் அகஸ்டின் ஜோசப். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் 'காவ்யமேளா' படத்தில் அதே தட்சிணாமூர்த்தியின் இசையில் லீலாவுடன் இணைந்து பாடியவர், அகஸ்டின் ஜோசப்பின் மகன் கே.ஜே. யேசுதாஸ். 'செம்மீன்' (1965) படத்திலும் சலில் சௌத்ரியின் இசையில் இருவரும் இணைந்து பாடினர்.

கேரள மாநிலத் திரைப்பட விருதுகள் 1969ஆம் ஆண்டுக்கு முதன்முறையாக வழங்கப்பட்டபோது, சிறந்த பின்னணிப் பாடகியாகப் பி. லீலா தேர்வு செய்யப்பட்டார். ஜி. தேவராஜன் இசையமைத்த 'கடல்பாலம்' படப் பாடலுக்காக அவ்விருது கிடைத்தது. அப்பிரிவில் விருது பெற்ற முதல் பெண் என்னும் சிறப்பும் அவருக்கே உரியது.

இசையமைப்பாளராக ஒரு முயற்சி

நடிகை சாவித்திரி இயக்குநராக அறிமுகமான தெலுங்குப் படம் 'சின்னாரி பாபலு' (1968). முக்கியப் பொறுப்புகளில் பெண்களே பணியாற்றிய இப்படத்திற்கு இசையமைத்தவர் பி. லீலா. பத்தாண்டுகளுக்கும் மேலாகச் சாவித்திரியின் திரைக்குரலாக இருந்தவர், அவரது இயக்கத்தில் இசைப் பொறுப்பை ஏற்றது இயல்பான வளர்ச்சி. இசையமைப்பாளர் இருக்கையில் பெண்கள் அமர்வது அன்று மிக அரிது என்பதால் இம்முயற்சி வரலாற்று முக்கியத்துவம் பெறுகிறது.

வாய்ப்புகள் குறைந்தது ஏன்?

1950களின் பிற்பகுதியிலிருந்து திரையிசையின் போக்கு மாறியது. ராகத்தை முன்னிறுத்திய பாடல்களின் இடத்தை மெல்லிசை பெற்றது. ஒலிவாங்கியின் நுட்பம் மேம்பட்டதால், குரலை உயர்த்தாமல் மென்மையாகப் பாடுவதும் சாத்தியமாயிற்று. இப்புதிய பாணிக்குப் பி. சுசீலா, எஸ். ஜானகி ஆகியோரின் குரல்கள் பெரிதும் பொருந்தின. 'மிஸ்ஸியம்மா'விலேயே கதாநாயகிக்கு லீலாவும், ஜமுனா ஏற்ற இளையவள் வேடத்திற்குச் சுசீலாவும் பாடியிருந்தனர். அடுத்த காலத்தின் வருகையை அப்படமே முன்கூட்டி அறிவித்தது போல் இன்று தோன்றுகிறது.

எனினும் இதனை வீழ்ச்சி என்று மட்டும் கூற இயலாது. திரையில் இடம் சுருங்கியபோது, அவர் முதலில் பயின்ற இசையே அவருக்குத் துணை நின்றது. மேல்பத்தூர் நாராயண பட்டதிரியின் வடமொழி நூலான 'நாராயணீயம்', பூந்தானத்தின் மலையாளப் படைப்பான 'ஞானப்பானை' ஆகியவற்றை அவர் பாடிய ஒலிப்பதிவுகள் குருவாயூர்க் கோயிலோடு பிரிக்க இயலாதவாறு இணைந்துவிட்டன. அவருடைய திரைப்படங்கள் எவற்றையும் பார்த்திராத தலைமுறையினரும் அக்குரலை இப்பதிவுகள் வழியே அறிவர்.

தாமதமாக வந்த அங்கீகாரம்

தமிழ்நாடு அரசின் கலைமாமணி விருதை 1992இல் லீலா பெற்றார். 2005ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி சென்னையில் தமது 71ஆவது வயதில் காலமானார். 2006ஆம் ஆண்டு குடியரசு தினத்தையொட்டி அறிவிக்கப்பட்ட பத்ம பூஷண் விருது, மறைவுக்குப் பிந்தைய விருதாக அவருக்கு வழங்கப்பட்டது.

பின்னணிப் பாடகர்களின் பெயர் மறைந்துபோவது அவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1949இல் வெளிவந்த 'மஹல்' இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாடலுக்கான முதல் இசைத்தட்டில் லதா மங்கேஷ்கரின் பெயருக்கு மாறாகக் கதாபாத்திரத்தின் பெயரே அச்சிடப்பட்டிருந்தது. லீலாவின் நிலையில் மற்றொரு காரணமும் சேர்ந்துகொண்டது. கேரளத்தில் பிறந்து, சென்னையில் வாழ்ந்து, தெலுங்கில் பெரும்புகழ் ஈட்டியவரின் பணி மூன்று மொழிகளில் சிதறிக் கிடக்கிறது. ஒரு மொழியை மட்டும் அறிந்தவருக்கு அதன் மூன்றில் ஒரு பங்கே தெரிய வருகிறது.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

லீலாவின் குரலை முதன்முறை அறிய விரும்புவோர் நான்கு பதிவுகளை வரிசையாகக் கேட்கலாம். மென்மைக்கு 'மாயா பஜார்' படகுப் பாடல், வேகத்திற்கும் தாளக் கட்டுப்பாட்டிற்கும் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' நடனப் பாடல், கதை சொல்லும் தெளிவுக்கு 'லவகுசா', பக்திக்கு 'நாராயணீயம்'. நான்கும் வெவ்வேறு காலத்தவை, வெவ்வேறு தேவைக்காகப் பாடப்பட்டவை. சுருதியில் அசையாத நிலைப்பும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழும் உச்சரிப்பும் நான்கிற்கும் பொதுவானவை. பத்து வயதில் சென்னைக்கு வந்து அதிகாலைச் சாதகத்தில் அவர் பெற்ற பயிற்சியின் பயனை அவற்றில் கேட்கலாம்.