சங்கிலியும் பல்மாற்றியும்

மிதிவண்டியில் செல்வோர் சமநிலத்தில் விரைந்து செல்வர். மேட்டில் ஏறுங்கால் இளைப்பர். இவ்விரு நிலைக்கும் ஒரே பற்சக்கரம் பொருந்தாது. 'டூர் டி பிரான்சு' என்னும் நெடும்பந்தயத்தில் கலந்துகொண்ட பண்டைய வீரர்கள், மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்திப் பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினர். அதன் இருபுறமும் வெவ்வேறு அளவுள்ள பற்சக்கரங்கள் இருந்தன. ஓடும்போதே சங்கிலியை ஒரு பற்சக்கரத்தினின்றும் மற்றொன்றிற்கு மாற்றும் கருவிக்கு அப்பந்தயத்தில் 1937ஆம் ஆண்டில்தான் இசைவு கிடைத்தது. 'டீரெய்லர்' எனப்படும் அக்கருவியை நாம் பல்மாற்றி என வழங்குவோம்.

இன்றைய சாலைப் பந்தய வண்டிகள் பலவற்றின் பின்சக்கரத்தில் 11 அல்லது 12 பற்சக்கரங்கள் அடுக்கப்பட்டுள்ளன. பல்மாற்றி அவ்வடுக்கின் கீழே தொங்குகின்றது. அதிலுள்ள இரு சிறு சக்கரங்களுள் மேலது சங்கிலிக்கு வழிகாட்டும். கீழது சங்கிலியைத் தொய்யாமல் இழுத்துப் பிடிக்கும். கைப்பிடியிலுள்ள நெம்புகோலை ஒருமுறை அழுத்தினால், இழுகம்பி குறித்த அளவு நகர்ந்து, பல்மாற்றியை ஒரு பற்சக்கர இடைவெளி நகர்த்தும். மின்விசையால் இயங்கும் பல்மாற்றிகளும் உண்டு. ஈண்டு இழுகம்பியால் இயங்குவதையே கருதுவோம்.

சங்கிலி துள்ளும், மாற மறுக்கும், ஓயாது ஒலியெழுப்பும். உடனே பலர் திருப்புளியை எடுத்துக் கண்ணிற்பட்ட திருகாணியைத் திருகுவர். இஃது நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுப்பதை ஒக்கும். குறை தோன்றும் இடம் ஒன்று. அதன் காரணம் இருக்கும் இடம் வேறொன்று. ஆதலின், முறையாக ஆராய்தல் வேண்டும்.

முதலில் சங்கிலியைத் துடைத்துத் தூய்மை செய்து, மசகெண்ணெய் இட்டு, மிகுந்த எண்ணெயைத் துடைத்தெடுக்க வேண்டும். பல குறைகள் இதனாலேயே நீங்கும். அடுத்து, சங்கிலியை அளந்து பார்க்க வேண்டும். ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடைவெளி அரை அங்குலம். எனவே, 24 இடைவெளிகள் சேர்ந்து 12 அங்குலம் ஆகும். ஆணிகள் தேயத் தேய இந்நீளம் மிகும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு மிகுந்தால் புதுச்சங்கிலி மாட்டுதல் நன்று. எட்டில் ஒரு பங்கு மிகும்வரை வாளாவிருந்தால், பற்சக்கரங்களின் பற்களும் உடன் தேய்ந்துவிடும். பின்னர்ப் புதுச்சங்கிலி அவற்றின்மேல் வழுக்கும். சிறுசெலவை அஞ்சியவர் பெருஞ்செலவுக்கு ஆளாவர்.

சங்கிலி எப்போது துள்ளுகின்றது என்பதையும் உற்று நோக்குக. எல்லாப் பற்சக்கரங்களிலும் ஒரே சீரான இடைவெளியில் துள்ளுமாயின், ஏதோ ஒரு கண்ணி மடங்காமல் விறைத்திருக்கலாம். மிதியைப் பின்னோக்கி மெல்லச் சுழற்றினால், அக்கண்ணி சிறு சக்கரங்களைக் கடக்கும்போது தன்னைக் காட்டிக்கொடுக்கும். அழுத்தி மிதிக்கும்போது ஓரிரு பற்சக்கரங்களில் மட்டும் வழுக்குமாயின், அவற்றின் பற்கள் தேய்ந்தன எனக் கொள்ளலாம்.

சங்கிலி பெரிய பற்சக்கரத்திற்கு ஏறத் தயங்கினால், இழுகம்பி தளர்ந்திருக்கலாம். கம்பி பல்மாற்றியுள் நுழையும் இடத்தில் பெரும்பாலும் ஒரு குமிழ் இருக்கும். பின்னின்று நோக்கி, அதனை இடஞ்சுழியாகச் சிறிது சிறிதாகத் திருப்பினால் கம்பி இறுகும். சிறிய பற்சக்கரத்திற்கு இறங்கத் தயங்கினாலோ, கம்பி மிக இறுகியிருக்கலாம். அல்லது துருவும் அழுக்கும் சேர்ந்து உறைக்குள் அதனைத் தடுக்கலாம்.

இவை அனைத்தும் செய்தும் பயனில்லையெனின், வண்டி வலப்புறமாக விழுந்ததுண்டோ என நினைவுகூர்க. பல்மாற்றியைத் தாங்கும் சிறிய உலோகக் காது விழுந்த வேகத்தில் வளைந்திருக்கும். பின்னின்று பார்க்கும்போது, சிறு சக்கரங்கள் இரண்டும் பற்சக்கரத்திற்கு நேர்கீழே நில்லாமல் சாய்ந்து தோன்றும். அக்காதை நிமிர்த்தாமல் அல்லது மாற்றாமல் வேறு எதைத் திருகினும் வீணே.

இறுதியாக, பல்மாற்றியின் இரு எல்லைத் திருகாணிகளைப் பற்றி அறிதல் வேண்டும். பல்மாற்றி உள்ளேயும் வெளியேயும் எல்லை கடவாதபடி காப்பவை இவை. கம்பியின் குறையைத் தீர்க்க எண்ணி இவற்றைத் தளர்த்துவோர் உண்டு. உள்ளெல்லை தளர்ந்தால், சங்கிலி பெரிய பற்சக்கரத்தையும் கடந்து ஆரக்கம்பிகளுக்கிடையே விழும். ஓடும் சக்கரம் திடீரென நின்று, ஏறிச்செல்பவரைத் தரையில் வீழ்த்தும். ஆதலின், காரணம் அறியாது இவற்றைத் தொடுதல் கூடாது. திருத்தியபின், பின்சக்கரத்தைத் தரையினின்றும் உயர்த்தி, மிதியைக் கையால் சுழற்றி, எல்லாப் பற்சக்கரங்களிலும் சங்கிலி செவ்வனே அமர்வதைக் கண்ட பின்னரே சாலையில் ஏறவேண்டும். சுழலும் சங்கிலியின் அருகே விரல் செல்லலாகாது.

எளியதை முதலிலும் அரியதைப் பின்னரும் ஆராய்க. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக; மாற்றியதன் பயனைக் கண்டபின் அடுத்ததற்குச் செல்க. பலவற்றை ஒருங்கே திருகுபவர், குறை நீங்கினும் எதனால் நீங்கிற்று என்று அறியார். மீண்டும் அக்குறை தோன்றும்போது முன்போலவே திகைப்பர். பொறுமையுடன் ஆராய்பவரோ, ஒவ்வொரு முறையும் தம் வண்டியை மேலும் நன்கு அறிந்துகொள்வர்.