அகதிகள் எழுப்பிய பொற்கோயில்

குமரிமுனையில் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையைக் கண்டு பழகிய நமக்கு, 60 அடிச் சிலை என்றால் வியப்புத் தோன்றாது. ஆனால் அச்சிலை ஒரு மண்டபத்தின் உள்ளே அமர்ந்திருந்தால்? கோடை விடுமுறையில் பெற்றோருடன் மைசூர், குடகுப் பகுதிகளுக்குச் சுற்றுலா சென்றபோது, பைலகுப்பே என்னும் ஊரில் அத்தகைய புத்தர் சிலையைக் கண்டோம். சிலையை விட, அதை எழுப்பிய மக்களின் வரலாறே நாம் அறிய வேண்டியது.

மைசூரிலிருந்து மடிக்கேரி செல்லும் சாலையில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், குசால் நகருக்கு அருகே உள்ளது பைலகுப்பே. 1959-ஆம் ஆண்டு திபெத்தின் சமயத் தலைவரான தலாய் லாமா இந்தியாவில் அடைக்கலம் புகுந்தார். ஆயிரக்கணக்கான திபெத்தியரும் பனிமலைகளைக் கடந்து வந்தனர். வழியிலேயே மாண்டவர் பலர். அன்றைய மைசூர் மாநில அரசு பைலகுப்பேயில் அவர்களுக்குக் காட்டு நிலம் வழங்கியது. குளிர் நாட்டில் பிறந்த அம்மக்கள் வெயிலில் நின்று காடு திருத்தி, யானைகளுக்கு அஞ்சி இரவில் விழித்திருந்து, மக்காச்சோளம் பயிரிட்டு வாழத் தொடங்கினர்.

அவர்களுள் ஒருவரான பெனோர் ரின்போச்சே என்னும் துறவி, 1963-இல் இங்கு நம்ட்ரோலிங் மடத்தை நிறுவினார். அதன் முதல் கோயில் மூங்கிலால் ஆன சிறு குடிலே. இன்று ஆயிரக்கணக்கான துறவியர் இம்மடத்தில் பயில்கின்றனர். பெண் துறவியருக்குத் தனி மடமும் உண்டு. மக்கள் 'பொற்கோயில்' என்றழைக்கும் பெரிய கோயில் 1999-இல் திறக்கப்பட்டது.

காலணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தால், பொன்முலாம் பூசிய மூன்று சிலைகள் கண்ணைப் பறிக்கின்றன. நடுவில் புத்தர். இரு புறமும் அவரைவிடச் சற்றே உயரம் குறைந்த பத்மசம்பவரும் அமிதாயுசும். பத்மசம்பவர் 8-ஆம் நூற்றாண்டில் திபெத்தில் பௌத்தத்தை வேரூன்றச் செய்தவர். அமிதாயுஸ் நீண்ட ஆயுளின் சின்னம். புத்தரின் வலக்கை தரையைத் தொடுகிறது. அவர் ஞானம் பெற்றதற்குப் பூமியே சாட்சி என்பது அதன் பொருள். சிலைகளின் உள்ளே சமய நூல்களும் புனிதப் பொருள்களும் வைக்கப்பட்டுள்ளன.

வெளியே வரிசையாகச் சக்கரங்கள் இருக்கின்றன. அவற்றினுள் மந்திரம் எழுதிய தாள் சுருள்கள் உண்டு. மக்கள் செபித்தவாறே அவற்றை வலமாகச் சுழற்றிச் செல்கின்றனர். மொட்டைத் தலையும் செந்நிற ஆடையுமாக நம் வயதுச் சிறுவர்களும் அமர்ந்து மறைநூல் ஓதுகின்றனர். நீண்ட ஊதுகொம்பும் முரசும் முழங்குகின்றன. மணியோசைக்கு எழுந்து, ஒன்றாகச் செபித்து, ஒன்றாக உண்டு, சொந்த உடைமையின்றி வாழும் அவர்களைக் கண்டபோது, நம் கன்னியர் மடத்து அருட்சகோதரிகளின் நினைவு எழுந்தது.

அவர்களது கொள்கை வேறு, நமது விசுவாசம் வேறு. உலகைப் படைத்துக் காக்கும் கடவுளைப் பற்றிப் பௌத்தம் நம்மைப் போல் போதிப்பதில்லை. ஆயினும் 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களைப் பற்றிய தன் அறிக்கையில் பௌத்தத்தைப் பெயர் சுட்டியே மதிப்புடன் பேசியிருக்கிறது. ஆகவே அங்கே நாம் வேடிக்கை பார்ப்பவர்களாய்ச் சிரித்துப் பேசித் திரியாமல், அமைதி காத்து நிற்பதே முறை.

நம்பிக்கைக்காகத் துன்புறுவது நம் மண்ணுக்குப் புதிதன்று. நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் பிள்ளை 1752-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் உயிர் நீத்தார். 2022-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. கோட்டாறு பேராலயத்தில் அவரது கல்லறை முன் மண்டியிடும் நமக்குத் திபெத்தியரின் துயர் எளிதில் விளங்கும்.

அவர்கள் வீட்டை இழந்தனர், நாட்டை இழந்தனர், தங்கள் கோயில்களையும் இழந்தனர். நெஞ்சில் சுமந்து வந்த நம்பிக்கையை மட்டும் இழக்கவில்லை. அதனால்தான் மூங்கில் குடில் பொற்கோயிலாயிற்று. தோழியரே, எல்லா வசதியும் பெற்றிருக்கும் நாம் நம் விசுவாசத்தை எவ்வளவு போற்றுகிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.