பள்ளம் விழுந்த தெருவில் முளைத்த கதைகள்

2024 ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை. கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடைக் கூட்டம் இன்னும் சேராத காலை வேளை. குடும்பத்தோடு சுற்றுலா வந்திருந்த ஆந்திரப் பெண்மணி ஒருவர் நடைபாதையில் போய்க்கொண்டிருந்தார். அவர் காலுக்குக் கீழே தரை அப்படியே உள்ளே போனது. பள்ளத்தின் ஆழம் 8 மீட்டர். அடியில் கழிவுநீர்க் குழாயின் வேகமான ஓட்டம். தீயணைப்பு மீட்புப் படையினர் உள்ளே இறங்கினார்கள், முக்குளித்தார்கள், தெருத்தெருவாகச் சாக்கடை மூடிகளைத் திறந்து பார்த்தார்கள், பந்தாய் டாலாம் சுத்திகரிப்பு நிலையம் வரை தேடினார்கள். அவருடைய காலணி மட்டும் கிடைத்தது. 28ஆம் தேதி, ஏறக்குறைய 50 மீட்டர் தள்ளி இன்னொரு பள்ளம் விழுந்தது. ஆகஸ்ட் 31, தேசிய தினத்தன்று, தேடல் நிறுத்தப்பட்டது.

தேடல் நடந்துகொண்டிருந்தபோதே கதைகள் கிளம்பிவிட்டன. ஆற்றைக் காக்கும் ஜின்னின் இடத்தில் கட்டடம் கட்டியதால் வந்த வினை என்று ஒரு குரல் பதிவு. தரைக்கு அடியில் ரகசியச் சுரங்கம் தோண்டுகிறார்கள், அதை மறைக்கத்தான் தேடலை நிறுத்திவிட்டார்கள் என்று, தேடல் நின்ற பிறகு இன்னொன்று. பூமாலைக் கடையிலும் மாமாக் கடையிலும் இதே பேச்சு. எந்தப் பதிவையும் நான் அழிக்கவில்லை. புரளிகளையும் பேய்க் கதைகளையும் சேர்த்துவைப்பது என் நெடுநாள் பழக்கம். கதை பொய்யாக இருக்கலாம். அதைப் பிறப்பித்த பயம் பொய்யாக இருந்து நான் பார்த்ததில்லை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ‘தலை வெட்டுறவன்’ யாரென்று சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் எங்கேயாவது புதுப் பாலம் கட்டினால் போதும், “பாலத்துக்குத் தலை வேணுமாம், பொழுது சாயறதுக்குள்ள வீடு வந்து சேரு” என்று பாட்டிமார் லயத்து வாசலில் நின்று சத்தம் போடுவார்கள். இது நம்மவர்கள் மட்டும் சொன்ன கதை இல்லை. மலாய்க்காரர்கள், சீனர்கள், போர்னியோ மக்கள் எல்லாரிடமும் உண்டு. 1850களில் சிங்கப்பூரில் தேவாலயத்துக்காகக் கவர்னர் தலை கேட்கிறார், இந்தியக் கைதிகள் ராத்திரியில் தலை தேடி அலைகிறார்கள் என்று பரவிய புரளியால் ஜனங்கள் இருட்டிய பிறகு வெளியே வரவே அஞ்சினார்கள். பிற்பாடு அங்கே செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தைக் கட்டியது அதே இந்தியக் கைதிகளின் உழைப்புதான்.

மூடநம்பிக்கை என்று இதை ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. 1942, 43இல் ஜப்பானியர்கள் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை அள்ளிக்கொண்டு போய் சயாம் மரண ரயில் பாதையில் போட்டார்கள். பல்லாயிரம் பேர் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். பாலத்துக்கு மனிதத் தலை வேண்டும் என்பது அந்தத் தலைமுறைக்குக் கதையல்ல, கண்ணால் கண்ட கணக்கு. யார் கொன்றது என்று கேட்க அவர்களுக்கு நாதியில்லை. அந்தக் கேள்விதான் பூச்சாண்டியாக மாறிப் பேரப்பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தது என்று நான் நம்புகிறேன்.

அதே தலைமுறை உயிராய்ப் போற்றிய இன்னொரு கதை, நேதாஜி சாகவில்லை என்பது. 1943இல் அவர் சிங்கப்பூர் வந்து இறங்கியபின் இங்குள்ள தமிழர்கள் தாலிச் சங்கிலி வரை கழற்றிக் கொடுத்தார்கள். ரப்பர் மரம் சீவிய பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தார்கள். 1945 ஆகஸ்ட் 18 அன்று தைஹோக்கு விமான விபத்தில் அவர் இறந்தார் என்ற செய்தியை அவர்கள் எப்படி ஏற்பார்கள்? தமிழ்நாட்டில் முத்துராமலிங்கத் தேவரும் நேதாஜி உயிரோடு இருக்கிறார் என்று மேடைகளில் முழங்கினார். 1956இல் ஷா நவாஸ் குழு, 1970களில் கோஸ்லா ஆணையம், இரண்டும் விபத்தை உறுதிசெய்தன. 1999இல் அமைந்த முகர்ஜி ஆணையமோ, அவர் அந்த விபத்தில் சாகவில்லை என்றது. இந்திய அரசு அந்த முடிவை நிராகரித்தது. கோப்புகள் மட்டும் பூட்டியே கிடந்தன. மேற்கு வங்க அரசு 2015இலும் மத்திய அரசு 2016இலும்தான் அவற்றைத் திறந்தன. விபத்தில் அவர் தீக்காயத்தோடு இறந்தார் என்பதற்கான சாட்சிகளே வலுவானவை என்பது என் முடிவு. ஆனால் எழுபது ஆண்டுகள் தாள்களைப் பூட்டிவைத்த அரசாங்கம், கதை சொன்ன கிழவர்களைப் பழிக்க யோக்கியதை இல்லாதது.

எம்எச்370 விஷயமும் இப்படித்தான். 2014 மார்ச் 8 அன்று 239 பேரோடு மறைந்த விமானத்தின் விமானி அறையிலிருந்து வந்த கடைசி வாசகம் என்று முதலில் ஒன்றைச் சொன்னார்கள், சில வாரங்கள் கழித்து வேறொன்று என்று திருத்தினார்கள். விமானம் திரும்பியதை ராணுவ ராடார் காட்டியிருந்தும் தென்சீனக் கடலில் நாட்கணக்கில் தேடினார்கள். அமெரிக்கப் படைத்தளமான டியேகோ கார்சியாவில் இறக்கிவிட்டார்கள் என்ற கதைக்கு இதைவிட நல்ல எரு வேண்டுமா? 2015 ஜூலையில் ரியூனியன் தீவில் இறக்கைத் துண்டு கரை ஒதுங்கிய பிறகும் அந்தக் கதை அடங்கவில்லை.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது ஹைலேண்ட் டவர்ஸ் பற்றிய பேய்க் கதைகளைக் கேட்கும்போது. 1993 டிசம்பர் 11 அன்று உலு கிள்ளானில் அந்த அடுக்குமாடியின் முதல் கட்டடம் சாய்ந்து 48 பேர் இறந்தார்கள். மற்ற இரண்டு கட்டடங்களிலிருந்தும் ஆட்கள் வெளியேறினார்கள். அதன் பிறகு அது இளைஞர்கள் ராத்திரியில் பேய் பார்க்கப் போகும் இடமாகிவிட்டது. டாக்சி பிடித்து வந்து இறங்கி மறையும் பெண், காலி வீட்டில் எரியும் விளக்கு என்று எத்தனையோ சொல்கிறார்கள். கட்டடம் ஏன் விழுந்தது என்று கேட்டுப் பாருங்கள், பத்தில் ஒருவருக்குத் தெரிந்தால் அதிகம். பின்னால் இருந்த குன்றில் ஓடிய ஓடையைக் குழாய்க்குள் திருப்பிவிட்டார்கள். வடிகால் போதவில்லை. விடாத மழையில் தண்ணீர் மண்ணுக்குள் ஊறி, தடுப்புச் சுவர்கள் சரிந்து, சரிந்த மண் அடித்தளத்தை முன்னால் தள்ளியது. வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2000இல் உயர் நீதிமன்றம், கட்டிய நிறுவனத்தோடு நகராட்சியும் 15 விழுக்காடு பொறுப்பு என்றது. 2006இல் கூட்டரசு நீதிமன்றம் சட்டப் பாதுகாப்பைக் காட்டி நகராட்சியை விடுவித்தது. குன்றோரத்தில் வீடு வாங்கும் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டிய தீர்ப்பு அது. பேயைத் தெரிந்த அளவுக்கு அந்தத் தீர்ப்பை நமக்குத் தெரியாது. இறந்தவர்களைப் பேயாக்கி விளையாடுவது அவர்களுக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம்.

மஸ்ஜித் இந்தியாவிலும் அது நடந்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

நாம் பத்துமலையில் 272 படி ஏறிப் போய்க் கும்பிடுகிறோமே, அந்தச் சுண்ணாம்புப் பாறை அங்கேயே முடிந்துவிடவில்லை. பல கோடி ஆண்டுப் பழைய பாறை மண்ணுக்குள் புதைந்து கோலாலம்பூரின் பெரும்பகுதிக்கு அடியில் கிடக்கிறது. பத்துமலையில் கண்ணுக்குத் தெரியும் குகை, நகரத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத பொந்து. லேசான அமிலம் கலந்த மழைநீர் பாறையை அரிக்கிறது. மேலே உள்ள மண் கொஞ்சங்கொஞ்சமாக அந்தப் பொந்துக்குள் இறங்குகிறது. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தை முதலில் குறித்த இடத்திலிருந்து சுமார் 60 மீட்டர் நகர்த்தியதற்குக் காரணம் இந்தப் பாறைதான். 2007இல் திறந்த 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் வெள்ளச் சுரங்கத்தைத் தோண்டியவர்களையும் இதே பாறை படாதபாடு படுத்தியது. இதோடு 1857 தொடங்கி ஈயத்துக்காகக் கிளறிப் போட்ட நிலம், இரண்டு ஆறுகள் கூடும் இடத்தின் வண்டல், பழைய குழாய்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு குழாய் மூட்டு விரிசல் கண்டால் போதும், மண் அதன் வழியே ஒழுகிப் போய்விடும். மேலே தளக்கல் மட்டும் பாலம்போல் நிற்கும், அடியில் வெறும் வெற்றிடம். ஒரு நாள் அந்தத் தளக்கல்லும் இறங்கும்.

சுரங்கப் புரளியையும் ஜின் கதையையும் இன்னும் நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கேட்டு முடித்ததும் சொன்னவரிடம் நான் கேட்பவை வேறு. அந்தக் குழாய் எந்த ஆண்டு போட்டது? கடைசியாக யார் உள்ளே பார்த்தார்கள்? எந்தத் தெருவுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று காட்டும் வரைபடம் கடைக்காரர் கையில் ஏன் இல்லை? இந்தக் கேள்விகளை மாநகர் மன்றத்திடம் கேட்கும் உரிமை, 1863ஆம் ஆண்டிலிருந்து பள்ளிவாசல் நிற்கும் இந்தத் தெருவில் தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்பவர்களுக்கு நிச்சயமாக உண்டு. எழுத்தில் கேட்கட்டும், பதிலையும் எழுத்தில் வாங்கட்டும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். தீபாவளிச் சாமான் வாங்கவோ பெருநாள் துணி எடுக்கவோ அந்தப் பக்கம் போகும்போது, நடைபாதை தட்டுபோல் குழிந்திருந்தாலோ, சுவரோரம் புது விரிசல் தெரிந்தாலோ, மழையில்லாத நாளில் சேற்று நீர் கசிந்தாலோ, முதலில் அங்கிருந்து விலகி நில்லுங்கள். பிறகு படம் எடுத்து, கடை எண்ணையும் நேரத்தையும் குறித்து, அன்றைக்கே மாநகர் மன்றத்துக்குப் புகார் அனுப்புங்கள். பக்கத்துக் கடைக்காரரிடமும் சொல்லிவிட்டுப் போங்கள்.